ஆஃபீஸ் 2010 நன்றாகத்தான் ஓடுகிறது, மாற்ற வேண்டுமா?

கேள்வி: சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே 2011 முதல் கம்ப்யூட்டர் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். மூன்று கம்ப்யூட்டர்கள். மூன்றிலும் விண்டோஸ் 7, ஆஃபீஸ் 2010. பத்திரம், மனு, பக்கத்துப் பள்ளிக்கு வினாத்தாள், கொஞ்சம் விசிட்டிங் கார்டு என்று வேலை போகிறது. பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் அடிக்கிறோம். சில வருடமாக யூனிகோடில் லதா எழுத்துருவிலும் அடிக்கிறோம். கணக்கு வினாத்தாளுக்கு ஈக்வேஷன் எடிட்டர் அருமையாக வேலை செய்கிறது. ஆனால் ஆடிட்டர் அனுப்பும் எக்ஸெல் தாளில் ஏதேதோ எழுத்துகள் வருகின்றன. சில இணையதளங்கள் சரியாகத் திறப்பதில்லை. சர்வீஸ் செய்யும் தம்பி, மூன்றையும் ஆஃபீஸ் 2024க்கு மாற்றித் தருகிறேன், கீ சல்லிசாகக் கிடைக்கும் என்கிறார். கல்லூரியில் படிக்கும் என் மகன், காசே வேண்டாம், லிப்ரெ ஆஃபீஸ் போடலாம் என்கிறான். எனக்கோ ஓடுகிற வண்டியை எதற்குப் பிரிக்க வேண்டும் என்று இருக்கிறது. மாற்றுவதா, வேண்டாமா?
ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஈக்வேஷன் எடிட்டர் அருமையாக வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும்தான் எனக்குக் கவலை வந்தது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பின்னமும் வர்க்கமூலமும் போட நீங்கள் திறக்கும் ஈக்வேஷன் 3.0 என்ற சின்ன நிரல் 2000ஆம் ஆண்டில் தயாரானது. அதில் ஓர் ஓட்டை இருப்பது 17 வருடம் கழித்து 2017இல் வெளியே தெரிந்தது. அந்த ஓட்டையைக் குறிவைத்து ஒரு வேர்டு கோப்பைத் தயார் செய்து அனுப்பினால் போதும், திறந்த மாத்திரத்தில் உங்கள் கம்ப்யூட்டர் அனுப்பியவன் கைக்குப் போய்விடும். கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் மேக்ரோ என்ற குட்டி நிரலை இயக்கலாமா என்று கேட்கும் எச்சரிக்கைகூட வராது. மைக்ரோசாஃப்ட் 2017 நவம்பரில் அதற்கு ஒட்டுப் போட்டது. பிறகு 2018 ஜனவரி அப்டேட்டில் அந்த நிரலையே ஆஃபீஸிலிருந்து எடுத்துவிட்டது. உங்கள் கடையில் அது இன்னும் திறக்கிறது என்றால், அந்த ஜனவரிக்குப் பிறகு உங்கள் ஆஃபீஸுக்கு எந்த அப்டேட்டும் வந்து சேரவில்லை என்று பொருள். ஆஃபீஸ் 2010க்கான அப்டேட்டுகளையே 2020 அக்டோபர் 13உடன் நிறுத்திவிட்டார்கள், ஆகையால் இனி வரவும் வராது.

முன்பின் தெரியாதவர்கள் நாள் முழுக்க பென் டிரைவை நீட்டுகிற கடை உங்களுடையது. அந்த பென் டிரைவ் செருகும் அதே கம்ப்யூட்டரில்தான் பத்திரம் எழுத வந்தவர்களின் ஆதார் நகல், பான் எண், தாய்ப் பத்திரம், சர்வே எண்ணோடு சொத்து விவரம் எல்லாம் கிடக்கும். அவை ஊரார் நம்பி ஒப்படைத்தவை. நம் சொந்தப் பொருளுக்குக் காட்டும் அசட்டையை அவற்றிடம் காட்டக் கூடாது.

ஆகவே என் முடிவு இது. வெளியிலிருந்து கோப்பு வாங்குகிற, இணையம் பார்க்கிற ஒரு கம்ப்யூட்டரை மாற்றியே ஆக வேண்டும், விண்டோஸோடு சேர்த்து. மற்ற இரண்டையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். அவற்றின் நெட் கேபிளை மட்டும் கழற்றிவிடுங்கள். மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றும் யோசனையைக் கைவிடுங்கள்.

ஓடுகிற வண்டியைப் பிரிப்பானேன் என்ற உங்கள் கேள்வியில் நியாயம் உண்டு. பத்திரம் அடிப்பவருக்கு 2010க்கும் 2024க்கும் நடுவே கையின் வேகத்தைக் கூட்டுகிற வசதி என்று பெரிதாக ஒன்றும் வந்துவிடவில்லை. கோப்பு வகையும் 2007இல் வந்த அதே டாக்எக்ஸ்தான். வசதிக்காக மாற்றுவதென்றால் நானே வேண்டாம் என்பேன். ஆடிட்டரின் தாள் மட்டும் உண்மையான பதிப்புச் சிக்கல். எக்ஸ்லுக்கப், ஃபில்டர் போன்ற புதுச் சூத்திரங்கள் ஆஃபீஸ் 2021இலும், சந்தா கட்டிப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் 365இலும்தான் வந்தன. பழைய எக்ஸெலுக்கு அவை புரியாததால், சூத்திரத்துக்கு முன்னால் எக்ஸ்எல்எஃப்என் என்ற எழுத்துகளை ஒட்டிக் காட்டுகிறது. ஆடிட்டர் கணக்கிட்டு வைத்த தொகை அதுவரை சரியாகத் தெரியும். நீங்கள் அந்தக் கட்டத்தைத் திருத்தப் போனால் பிழை என்று மாறிவிடும். அதனால் அந்தத் தாளை உங்கள் கம்ப்யூட்டரில் பார்க்கலாம், அச்சிடலாம், திருத்தி மட்டும் சேமிக்காதீர்கள்.

இணையதளங்கள் திறக்காததற்கும் ஆஃபீஸுக்கும் தொடர்பில்லை. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14உடன் முடிந்தது. குரோம் பிரவுசரும் 109ஆம் பதிப்போடு, 2023 தொடக்கத்தில், விண்டோஸ் 7ஐக் கைவிட்டுவிட்டது. புதிதாக எழுதப்படும் தளங்கள் அந்தப் பழைய குரோமில் சரியாக வராததில் வியப்பில்லை. ஆஃபீஸ் 2024 வாங்கினாலும் இந்தத் தொல்லை அப்படியே இருக்கும். அதைவிட முக்கியம், ஆஃபீஸ் 2024 விண்டோஸ் 7இல் ஏறவே ஏறாது. விண்டோஸ் 10ஆவது வேண்டும். அதற்கும் 2025 அக்டோபர் 14இல் கெடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட பிராசஸரும் கேட்கும். 2011இல் வாங்கிய உங்கள் கம்ப்யூட்டர்கள் அதில் தேறாது. தம்பி சொல்கிற கணக்கில் இந்தச் செலவு வரவில்லை என்று நினைக்கிறேன். மூன்று ஆஃபீஸுக்கு ஒதுக்கும் பணத்தை ஒரு நல்ல புதுக் கம்ப்யூட்டருக்கும் அதற்கு ஓர் ஒழுங்கான ஆஃபீஸுக்கும் போடுங்கள்.

அந்த ஒன்றுக்கு எந்த ஆஃபீஸ்? 2016, 2019 இரண்டுக்கும் விண்டோஸ் 10க்கு முடிந்த அதே நாளில் ஆதரவு முடிந்துவிட்டது. 2021க்கு 2026 அக்டோபர் 13 வரைதான். யாராவது இவற்றை மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். 2024க்கு 2029 அக்டோபர் 9 வரை அப்டேட் வரும். 365 என்பது சந்தா. கட்டும் வரை எல்லாம் புதிதாகவே இருக்கும். கட்டத் தவறினால் கோப்பைப் பார்க்கலாம், அச்சிடலாம், திருத்த முடியாது. முகூர்த்த நாளில் வாசலில் கூட்டம் நிற்கும்போது சந்தா முடிந்த அறிவிப்பு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் வேலை வருடத்துக்கு வருடம் மாறுகிற வேலை இல்லை. ஒரே தடவை பணம் கட்டி 2024 வாங்குவதே உங்களுக்குப் பொருந்தும். வாங்கும்போது ஹோம் அண்ட் பிசினஸ் பதிப்பா என்று பாருங்கள். வீட்டு உபயோகத்துக்கான பதிப்பு விலை குறைவு, ஆனால் அதை வைத்துத் தொழில் செய்ய உரிமம் கிடையாது.

உங்கள் மகன் சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம். லிப்ரெ ஆஃபீஸ் 2010இல் ஓபன் ஆஃபீஸிலிருந்து பிரிந்து வளர்ந்தது. கடையில் பயன்படுத்த எந்தத் தடையும் இல்லை, அப்டேட்டும் இலவசம். என் அலுவலகத்திலேயே ஒரு கம்ப்யூட்டரில் பல வருடமாக அதுதான் இருக்கிறது. நீங்களே அடித்து நீங்களே அச்சிடும் வேலைக்கு அது தாராளமாகப் போதும். வக்கீல் ஒரு வேர்டு கோப்பைத் தருகிறார், நீங்கள் திருத்தித் திருப்பித் தருகிறீர்கள், அவர் மறுபடி திருத்துகிறார் என்று போய்வருகிற வேலையில்தான் அட்டவணை அகலமும் பக்க அமைப்பும் அங்கங்கே நகரும். அதனால் முதல் கம்ப்யூட்டருக்கு 2024 என்கிறேன். மற்ற இரண்டும் வயதாகி நின்ற பிறகு அந்த இடத்துக்கு லிப்ரெ ஆஃபீஸ் வரலாம். துட்டு மிச்சம் என்பதைவிட, முறையான உரிமத்தோடு அப்டேட்டும் வருகிற நிரல் என்பதே அதன் பெரிய லாபம்.

இனி எது உடையும் என்பதைச் சொல்கிறேன். பாமினியில் அடிப்பவர்களுக்கு இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

பாமினியில் நீங்கள் பார்ப்பது தமிழ். ஆனால் வேர்டுக்குத் தெரிவது ஆங்கிலம். சிறிய எம் எழுத்துக்கு அ படம், பெரிய எம் எழுத்துக்கு ஆ படம், சிறிய எஃப்புக்கு க, பெரிய எஃப்புக்கு கு. அவ்வளவுதான். வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும் ஆட்டோகரெக்ட் உங்கள் பழைய வேர்டில் என்றைக்கோ அணைக்கப்பட்டிருக்கும், நீங்கள் மறந்தேவிட்டிருப்பீர்கள். புதிதாக நிறுவிய வேர்டில் அது மறுபடி உயிரோடு இருக்கும். பத்தியின் தொடக்கத்தில் ‘அசல்’ என்று அடித்து ஸ்பேஸ் தட்டுவீர்கள், ‘ஆசல்’ ஆகும். ‘கடன்’ என்று தொடங்கினால் ‘குடன்’ ஆகும். வேகமாக அடிக்கிறவர் கண்ணில் இது படாது, பதிவு முடிந்த பிறகு வாங்கியவர் கண்ணில் படும். அதற்குப் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதுகிற அலைச்சல் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புது வேர்டைத் திறந்ததும் முதல் வேலையாக ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போய் அங்கே உள்ள டிக் அத்தனையையும் எடுத்துவிடுங்கள். லிப்ரெ ஆஃபீஸிலும் இதே ஆட்டோகரெக்ட் உண்டு, அங்கேயும் எடுக்க வேண்டும். பாமினி எழுத்துருவைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஆஃபீஸ் புதிதானால் பாமினிக் கோப்புகள் யூனிகோடாகிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்ததே 2010இல்தான். உங்கள் பழைய கோப்புகளை மாற்றுவது தனி வேலை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

லதாவில் அடித்தவற்றுக்கு வேறொரு சிக்கல். விண்டோஸ் 7இல் லதா தானாகவே இருந்தது. விண்டோஸ் 10 முதல் அதைத் தமிழ் சப்ளிமெண்டல் ஃபான்ட்ஸ் என்ற தனிக் கட்டில் வைத்துவிட்டார்கள். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய் நாமாகச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அந்த இடத்தில் நிர்மலா எழுத்துரு வந்து உட்காரும். படிக்க நன்றாகவே இருக்கும், ஆனால் எழுத்தின் அகலமும் வரியின் உயரமும் வேறு. முத்திரைத்தாளில் முத்திரைக்குக் கீழே இடம் விட்டு நீங்கள் அளந்து வைத்த முதல் வரி நகரும், ஐந்து பக்கப் பத்திரம் ஆறாம் பக்கத்துக்கு இரண்டு வரி வழியும்.

எஃப்3 தட்டினால் நான்கெல்லை விவரம் முழுதும் வந்து விழும்படி வைத்திருக்கிறீர்களா? பத்திர டைப்பிங் செய்கிற எல்லாரும் ஏதாவது ஒரு விதத்தில் வைத்திருப்பார்கள். அவை நார்மல்.டாட்எம் என்ற கோப்பிலோ பில்டிங் பிளாக்ஸ்.டாட்எக்ஸ் என்ற கோப்பிலோ இருக்கும். ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில் ரோமிங், மைக்ரோசாஃப்ட் என்று போனால், முன்னது டெம்ப்ளேட்ஸிலும் பின்னது டாக்குமெண்ட் பில்டிங் பிளாக்ஸிலும் கிடைக்கும். ஆட்டோகரெக்டில் போட்டுவைத்த சுருக்கங்கள் எம்எஸ்ஓ என்று தொடங்கி ஏசிஎல் என்று முடியும் கோப்பில் இருக்கும். கம்ப்யூட்டர் மாற்றுகிறவர்கள் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் காப்பி செய்துவிட்டுப் பழையதை ஃபார்மேட் அடித்துவிடுவார்கள். பல வருட உழைப்பு அந்தக் கோப்புகளில் இருக்கிறது, பக்கத்தில் நின்று எடுத்து வையுங்கள்.

விசிட்டிங் கார்டைப் பப்ளிஷரில் செய்கிறீர்கள் என்றால், 2024இல் பப்ளிஷர் கிடையாது. 2026 அக்டோபரோடு அதற்கான ஆதரவும் முடிகிறது. இப்போதே எல்லாவற்றையும் பிடிஎஃப்பாகவும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கு வினாத்தாள்களில் உள்ள பழைய ஈக்வேஷன்கள் புதிய வேர்டில் தெரியும், அச்சும் ஆகும். பழையபடி திறந்து திருத்த வராது. புதிய வினாத்தாள்களை வேர்டிலேயே உள்ள ஈக்வேஷன் வசதியில் அடியுங்கள், அது 2007 முதலே இருக்கிறது. பழையதைத் திருத்தித்தான் ஆக வேண்டும் என்றால், நெட் கழற்றிய பழைய கம்ப்யூட்டர் அதற்கு உதவும். அதில் வெளியாள் பென் டிரைவ் மட்டும் கூடாது. எதுவானாலும் புதிய கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்து, கடைக்கென்று வைத்திருக்கும் ஒரு பென் டிரைவில்தான் போக வேண்டும்.

மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள் என்று அழுத்திச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2019இல் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் ஆறு கம்ப்யூட்டர்களையும் ஒரே சனிக்கிழமையில் புதிய ஆஃபீஸுக்கு மாற்றினேன். அந்தப் பதிப்பிலிருந்து 64 பிட்தான் இயல்பாக நிறுவப்படும். நானும் அப்படியே விட்டேன். அவர்களுடைய சம்பளத் தாளோ, எப்போதோ வேலையை விட்டுப் போன ஒரு கணக்கர் 32 பிட்டுக்கு எழுதிய மேக்ரோவில் ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலையில் பொத்தானை அழுத்தினால், இந்த நிரலை 64 பிட்டுக்குத் திருத்த வேண்டும் என்று ஒரு பெட்டி வந்தது. ஆறிலும் அதே பெட்டி. ஒன்றையாவது பழையபடி விட்டிருந்தால் அதில் சம்பளம் போட்டிருப்பார்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து சம்பளச் சீட்டுக்காக வராந்தாவில் உட்கார்ந்திருந்த பெண்களைக் கடந்துதான் நான் உள்ளே போனேன். மதியம் வரை அவர்கள் அங்கேயே இருந்தார்கள். ஒரு கோப்பை முன்கூட்டித் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதனால் ஆஃபீஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன் பத்துக் கோப்புகளை எடுங்கள். முத்திரைத்தாளில் அடித்த கிரையப் பத்திரம் ஒன்று, தான செட்டில்மெண்ட் ஒன்று, லதாவில் ஒன்று, பாமினியில் இரண்டு, அட்டவணை நிறைந்த மனு, கணக்கு வினாத்தாள், எக்ஸெல் கணக்கு, மேக்ரோ ஏதாவது இருந்தால் அது, வக்கீல் கொடுத்த கோப்பு. பழைய கம்ப்யூட்டரில் இவற்றை அச்சிட்டுக்கொள்ளுங்கள். புதுக் கம்ப்யூட்டரில் 365இன் ஒரு மாத இலவசச் சோதனையைப் போட்டு, அதே பிரிண்டரில் அதே கோப்புகளை அச்சிடுங்கள். சோதனைக்குக் கார்டு எண் கேட்பார்கள், மாதம் முடியுமுன் ரத்து செய்ய மறக்காதீர்கள். இரண்டு தாளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடியுங்கள். வரியோடு வரி பொருந்தினால் அந்தக் கோப்பு தேறியது. நகர்ந்திருந்தால் எந்த வரியிலிருந்து நகர்கிறது என்று பேனாவால் குறியுங்கள். அது எழுத்துருவா, ஓரமா, அட்டவணையா என்று கண்டுபிடிக்க அந்த ஒரு குறி போதும். லிப்ரெ ஆஃபீஸையும் இதே பத்துக் கோப்பில் உங்கள் மகன் சோதித்துக் காட்டட்டும்.

சல்லிசு விலைக் கீயைப் பற்றி ஒன்று. அப்படி விற்கப்படுபவை பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த உரிமத்திலிருந்து உருவியவை. முடக்கப்பட்டால் கேட்க ஆள் இருக்காது. கீ இல்லாமல், உரிமம் இருப்பதுபோல் ஏமாற்றும் ஆக்டிவேட்டர் என்ற நிரலைப் போட்டுத் தருவது அதைவிட மோசம். ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு இயக்கச் சொல்லும் எதையும் ஊரார் ஆவணங்கள் இருக்கும் கம்ப்யூட்டரில் ஏற்றாதீர்கள். தம்பி கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். பில்லோடு, எந்தப் பதிப்பு என்று எழுதி வாங்கித் தரச் சொல்லுங்கள். நிறுவும் கூலியை முழுதாகக் கொடுங்கள்.

எப்போது செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதிலும் கவனம் வேண்டும். தை, சித்திரை, ஆவணி மாதங்களில் உங்கள் வாசலில் நிற்க இடமிருக்காது. மார்கழியில் பதிவு குறையும், ஆனால் அரையாண்டு வினாத்தாள் வந்துவிடும். ஆடிதான் தோதான மாதம். முதல் வாரத்தில் புதுக் கம்ப்யூட்டரை இறக்கி, ஆட்டோகரெக்டை அணைத்து, லதாவைச் சேர்த்து, பத்துக் கோப்பையும் சோதித்துவிடுங்கள். ஆடிப்பெருக்கன்று பதிவுக்குக் கூட்டம் வரும். அன்று மட்டும் பத்திரத்தைப் பழைய கம்ப்யூட்டரிலேயே அடியுங்கள். மறுநாளிலிருந்து புதியதில் தொடங்கினால், ஆவணி பிறப்பதற்குள் கை பழகிவிடும்.